மயிலை முறைத்த சேவல்

என் மனைவியை ஆங்கிலக் கவிதையின் பிடியிலிருந்து மீட்டே தீருவது என்று ஒரு நாள் காலை பல் விளக்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை நான் பல் விளக்கும்போதுதான் எடுப்பது வழக்கம். தொழில் அப்படி. நான் பல் கட்டுகிறவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர் பிடுங்குவார். பிடுங்கிய இடத்தில் மாட்டிக்கொள்ள மெழுகில் அச்செடுத்து, மேல் செட்டும் கீழ் செட்டும் செய்து கொடுக்கிறவன் நான். இந்த வட்டாரத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் என் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் கொஞ்ச நாளாகச் சிரிப்பு வரவில்லை.

என் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: டாக்டர் எப்போது வருவார்? வருகிறவர்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது, டாக்டரும் வரமாட்டார். அதனால் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் யாரும் டாக்டரைக் கேட்காத ஓர் இடத்தில் போய் உட்கார வேண்டும் போலிருக்கிறது என்றாள். நியாயம்தானே. நூலக மாடியில் ஏதோ ஆங்கிலக் கவிதை வகுப்பாம், இலவசமாம். போய் வா என்று தலையை ஆட்டிவிட்டேன்.

கவிதை என்றால் நிலா, பூ, காற்று என்று இருக்கும், கேட்டுவிட்டு வந்து நன்றாகத் தூங்குவாள் என்று நினைத்தேன். இவர்கள் படித்தது அந்த ரகம் இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயர்களுக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. மந்திரியைத் திட்ட வேண்டும், நேரே திட்டினால் வம்பு. ஒரு நரியைப் பிடித்து வந்து, அதற்குக் கோட்டு மாட்டி, இரண்டிரண்டு வரியாகப் பாட்டுக் கட்டி, நரியைத் திட்டு திட்டென்று திட்டிவிட்டு, கடைசியில் ஒரு நீதியை ஒட்டிவிடுவார்கள். மந்திரி படித்துவிட்டு மென்று முழுங்க வேண்டியதுதான். கோபித்துக்கொண்டால் நான்தான் நரி என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

நம் பாட்டில் எதுகை வரியின் தலையில் வரும், அவர்கள் பாட்டில் ஒத்த ஓசை வரியின் வாலில் வரும் என்றும் சொன்னாள். மிருகங்களைப் பற்றிய பாட்டு, வாலில் வருவதுதான் முறை என்றேன். நல்ல ஹாஸ்யம். அவள் சிரிக்கவில்லை.

"சார் இதையே இன்னும் நல்லா சொன்னார்" என்றாள்.

அன்றைக்குத்தான் அந்த 'சார்' என் வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்தவர் வெளியே போகவே இல்லை. குழம்பு ஊற்றும்போது சார் சொன்னார். துணி மடிக்கும்போது சார் சொன்னார். நான் இருமினால், இருமுகிற ஆட்டைப் பற்றி சார் ஒரு பாட்டுச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒன்றையாவது அவள் வெளியே யாரிடமாவது 'அவர் சொன்னார்' என்று சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை. குழாய்க்காரரிடம், "குழாயை மாத்த வேணாம்னு அவர்தான் சொன்னார்." வீடு முழுக்கத் தண்ணீர் நின்றபோது.

"இன்னிக்கு சார் ஒரு கழுதைப் பாட்டு நடத்தினாருங்க."

"அவருக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்."

"கேளுங்களேன். ஒரு கழுதை கிணத்துல எட்டிப் பார்த்துச்சாம். உள்ள ஒரு கழுதை. உடனே 'ஐயோ, யாரோ ஒரு முட்டாள் கழுதை உள்ள விழுந்துடுச்சு'ன்னு கத்தி ஊரையே கூட்டிடுச்சாம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் தங்கை புருஷன் அசல் அப்படித்தான் என்றேன். அவள் என்னையே சிறிது நேரம் பார்த்தாள்.

"சார் சொன்னது சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைக் கவனிக்கப் போய்விட்டாள். சார் என்ன சொன்னார் என்று கேட்க என் மானம் இடம் கொடுக்கவில்லை.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். ஆமாம், பொறாமைதான். நான் மறைக்கவில்லை. என் பிரியத்துக்குக் கண் கொஞ்சம் அதிகம். போன வருஷம் அவள் தன் அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அன்று சாயங்காலமே நான் அங்கே போய் நின்றேன். "பல் பவுடரை மறந்துட்டு வந்துட்டியே" என்றேன். அவள் அக்கா வீட்டில் பல் பவுடர் இல்லையா என்று அவளும் கேட்கவில்லை, அவள் அக்காவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எனக்கும் சேர்த்துச் சோறு வைத்தார்கள். அதற்கப்புறம் அவள் எங்கேயும் போய்த் தங்கி வருகிறேன் என்று கேட்டதில்லை. அது என் பிரியத்துக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாரை ஒரு தடவை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். நூலகத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அங்கே நின்று, வேண்டாத இருமல் மருந்தின் லேபிளைப் படித்துக்கொண்டே மாடி ஜன்னலைப் பார்த்தேன். நெட்டையான மனுஷர். வெள்ளை முடி, அதுவும் நிறைய. அது கூடப் பரவாயில்லை. கையை விரித்து விரித்துப் பேசினார். ஒரு கை மேலே போகும்போது வகுப்பு முழுக்கத் தலை நிமிரும், கீழே வரும்போது சிரிக்கும். என் மனைவி முதல் வரிசை. கடைசியில் அவரும் சிரித்தார். என் வயிறு எரிந்தது. வாய் நிறையப் பல். இந்த வயதில் ஒரு மனுஷனுக்கு வரிசை கலையாமல் அத்தனை பல்லா? கடவுள் கொடுப்பதிலும் ஒரு அளவு வேண்டாமா?

அன்றிலிருந்து அவருக்கு நான் வைத்த பெயர் மயில்.

இப்படியிருக்க, ஒரு நாள் சாப்பிடும்போது அவள் அந்த இடியைப் போட்டாள். வேறு ஊரில் ஒரு கவிதைக் கூடுகை நடக்கிறதாம். கேலிப் பாட்டுக்கும் நீதிக்கதைப் பாட்டுக்கும் என்றே தனியாக. மூன்று நாள். ரயிலில் போக வேண்டும். சார் போகிறாராம். கூட ஒரு மாணவரையும் அழைத்துப் போகலாமாம். வகுப்பில் போட்டி வைத்து, யார் மிருகப் பாட்டு நன்றாக எழுதுகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம்.

"யாரு ஜெயிப்பாங்க?" என்றேன். சோறு உள்ளே இறங்கவில்லை.

"எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க."

"நீ என்ன சொல்றே?"

"நான் என்னங்க சொல்றது. பாட்டு நல்லா வந்தா போக வேண்டியதுதானே" என்றாள். அப்புறம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, போகிற போக்கில், "இந்தத் தடவை புதுசா ஒரு விதி வெச்சிருக்காங்க. வகுப்புல படிக்கறவங்க மட்டும் இல்ல, அவங்க குடும்பத்துல யார் வேணாலும் எழுதலாமாம்" என்றாள்.

மயிலோடு மூன்று நாள். ரயிலில். ஜன்னல் ஓரம். அவர் கையை விரிப்பார், இவள் சிரிப்பாள். அன்று என் பட்டறையில் ஒரு மேல் செட்டில் கடைவாய்ப் பல்லை முன்னால் வைத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு போன பெரியவர் மறுநாள் வந்து, "கண்ணாடியில என்னைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு" என்றார்.

போகாதே என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்றால் மயில் என்று சொல்ல முடியாது. அப்போதுதான் அந்த விதி என் மண்டையில் மணி அடித்தது. குடும்பத்தில் யார் வேண்டுமானாலும். குடும்பம் என்றால் நான்தானே. நான் எழுதுகிறேன். நான் ஜெயிக்கிறேன். இடம் எனக்கு. எனக்குப் போக விருப்பம் இல்லை என்று கடைசி நாளில் சொல்லிவிட்டால் தீர்ந்தது, இவளும் போக மாட்டாள். அதோடு விட்டேனா? அந்தப் பாட்டிலேயே மயிலை ஒரு மயிலாக வைத்து, தோகை தோகையாகப் பிய்த்து, வகுப்புக்கு நடுவில் தொங்கவிட வேண்டும். கோபித்துக்கொண்டால் நான்தான் மயில் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. அவர் சொல்லிக்கொடுத்த ஆயுதத்தை வைத்தே அவரை அடிக்கிறேன். எனக்கே என்னைப் பார்த்து மலைப்பாக இருந்தது.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். எனக்கு ஆங்கிலம் வராது. 'ஓப்பன்', 'க்ளோஸ்', 'பைட்' இவ்வளவுதான் வரும். வாயைத் திற, மூடு, கடி. தொழிலுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

பக்கத்து வீட்டில் கோர்ட் அக்கா இருக்கிறார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜட்ஜ்கள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அடித்துத் தள்ளியவர். அவர் கீழ் செட் நான் செய்தது. அந்த உரிமையில் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன தம்பி திடீர்னு கவிதை?"

"மனசுல ஒரு கதை முட்டுதுக்கா. நீங்க இங்கிலீஷ்ல பாட்டா போட்டுத் தாங்க. என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியக் கூடாது."

"சரி, கதையைச் சொல்லு."

நான் நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்து சொன்னேன். "ஒரு பண்ணை. அதுல ஒரு சேவல். கண்ணியமான சேவல்கா, உழைப்பாளி. அதுக்கு ஒரு கோழி. வெள்ளந்தி. அந்தப் பண்ணைக்கு எங்கிருந்தோ ஒரு மயில் வந்து சேருது. வெறும் தோகை. தினம் சாயங்காலம் கோழிக்கு டான்ஸ் சொல்லித் தரேன்னு விரிச்சுக் காட்டுது. சேவல் கண்ணு மூடாம மயிலையே கவனிக்குது. கடைசியில மயிலோட தோகையைப் பிடுங்கிடுது. பார்த்தா உள்ள ஒண்ணுமே இல்ல."

அக்கா எழுதிக்கொண்டே இருந்தார். அந்த மயிலுக்கு வெள்ளை முடி நிறைய உண்டா என்று கேட்டார். சேவல் நல்ல சேவல்தான் என்பது தெளிவாக வர வேண்டும் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

நாலைந்து நாள் கழித்துப் பாட்டு வந்தது. நான் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தார். எல்லா வாலும் ஒழுங்காக ஒத்து வந்தது. ஹென் என்று முடிந்தால் அடுத்தது பென். சண்டே என்றால் மண்டே. அடடா, ஆங்கிலம் இவ்வளவு சுலபமா என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் சொன்னது அப்படியே இருக்கிறதா என்று கேட்டேன். நீ சொன்ன சேவல், நீ சொன்ன மயில், எல்லாம் இருக்கிறது, கடைசியில் நீதியும் போட்டிருக்கிறது என்றார். பட்டறையில் மெழுகை உருக்கிக்கொண்டே மனப்பாடம் செய்தேன். வாடிக்கையாளர்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். திறந்த வாய் விமர்சனம் செய்யாது.

போட்டியன்று நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு நூலக மாடிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் என் மனைவி ஆச்சரியப்பட்டாள். அல்லது ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை. வாசலில் நூலகத்து அம்மாள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தோடு நின்று, ஓட்டுப் போட ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நீங்கதானா அவர்?" என்று கேட்டு, சீட்டோடு ஒரு டீயும் கொடுத்தார். என் மனைவி என்னைப் பற்றி இங்கே பேசியிருக்கிறாள் என்று தெரிந்து நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

முதலில் என் மனைவி படித்தாள். எறும்பைப் பற்றி ஏதோ. நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறி, வாலும் ஒத்து வராமல், பாதியில் நிறுத்துகிற மாதிரி நிறுத்திவிட்டாள். வகுப்பே ஏமாந்துபோய்க் கை தட்டியது. எனக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

பிறகு நான்.

முதல் இரண்டு வரி சொன்னதுமே ஒரு சிரிப்பு. அடுத்த இரண்டு வரிக்குப் பின்வரிசையில் ஒருத்தர் மேஜையைத் தட்டினார். மயில் பெயர் வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை, சேவல் வந்த இடத்தில்தான் சிரித்தார்கள். சேவல் பேசும்போதெல்லாம் சிரித்தார்கள். சேவலின் வீரத்தைப் பார்த்து உற்சாகப்படுகிறார்கள் என்று எண்ணி நானும் கழுத்தை நீட்டி, குரலைத் தூக்கி, ஒரு தடவை கையைக்கூடச் சிறகு மாதிரி அடித்துக் காட்டினேன். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூலகத்து அம்மாள் கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நான் ஓரக்கண்ணால் மயிலைப் பார்த்தேன். நொறுங்கிப் போயிருப்பார் என்று பார்த்தால், மனுஷர் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு பக்கத்தில் அப்போதுதான் அவர் வாயைப் பார்த்தேன். சொந்தப் பல் இல்லை. மேல் செட், கீழ் செட், இரண்டும் கட்டினது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஈறின் நிறம் அவ்வளவு சரியாக நான் ஒருநாளும் கொண்டு வந்ததில்லை. எவனோ எனக்கு மேலே ஒருத்தன் செய்திருக்கிறான். ஒரே ஆளைப் பார்த்து இரண்டாவது தடவையாக வயிறு எரிவது எனக்கு அதுவே முதல் தடவை.

ஓட்டை எண்ணினார்கள். கிண்ணத்தில் கிட்டத்தட்ட எல்லாச் சீட்டும் எனக்கு. மயில் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் விளங்குவதற்காகத் தமிழிலேயே பேசினார்.

"அடுத்தவனைக் கேலி பண்ணி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. தன்னையே எடுத்து நடுவுல நிக்க வெச்சு கேலி பண்றதுக்கு பெரிய மனசு வேணும். இந்தச் சேவலைப் பாருங்க. மயில் எங்க போனாலும் பின்னாலேயே போகுது. சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, கூவ மறந்து போகுது. கடைசியில பண்ணையில எல்லாரும் என்ன நினைக்கறாங்க? சேவலுக்கு மயில் மேலதான் காதல்னு நினைக்கறாங்க. மயிலும் அப்படித்தான் நினைச்சுக்குது."

வகுப்பு மறுபடி சிரித்தது. என் கை அவர் கைக்குள் இருந்தது.

"அந்த நீதி இருக்கே. மயிலை முறைச்சுக்கிட்டே இருக்கறவனுக்கு கோழி எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியாது. பிரமாதம். இந்த மாதிரிப் பொறாமைக்காரப் புருஷனை இவ்வளவு கிட்ட நின்னு பார்த்து எழுதின பாட்டை நான் படிச்சதில்ல."

இப்போது நான் என்ன செய்வது? ஐயா, சேவலைத் திட்டவில்லை, உங்களைத்தான் திட்டினேன் என்றால், ஏன் திட்டினாய் என்பார்கள். ஏன் என்றால் பொறாமை. ஆக, சேவல் நானேதான். நரி கதையில் மந்திரி நின்ற இடத்தில் நான் நின்றேன். பல்லைக் காட்டினேன். எல்லாம் சொந்தப் பல்.

நேரே கோர்ட் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

"தம்பி, எனக்கு டைப் அடிக்க வரும். பாட்டுக் கட்ட வருமா? உன் கதையை எழுதிக்கிட்டுப் போய் உன் வீட்டுக்காரிகிட்ட கொடுத்தேன். அவதான் உட்கார்ந்து கட்டினா."

"தெரியக் கூடாதுன்னு சொன்னேனேக்கா."

"அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு நீ சொன்னது அவளுக்குத் தெரியாது. அதை நான் சொல்லலியே" என்றார். நாற்பது வருஷம் வக்கீல்களைக் கேட்டுப் பழகிய வாய்.

வீட்டுக்கு வரும்போது எனக்கு நல்ல கோபம். கதவைத் திறந்ததும், "அந்தப் பாட்டை எழுதினது நீதானே" என்றேன். ஆமாம் என்றாள். துளிக்கூடத் தயங்கவில்லை.

"அப்ப அந்த எறும்புப் பாட்டு?"

"அதுவும் நான்தான்."

"இவ்வளவு நல்லா எழுத வர்றவ அதை ஏன் அவ்வளவு மோசமா எழுதினே?"

அவள் என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "நீங்க ஜெயிக்கணும்னுதான்" என்றாள்.

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள். வகுப்பே அவள்தான் ஜெயிப்பாள் என்கிறது. மூன்று நாள் பயணம் கையில் இருக்கிறது. அவளுக்கு ஆசையான கவிதை, அவள் மதிக்கிற வாத்தியார். அத்தனையையும் எனக்காக விட்டுக்கொடுத்து, வேண்டுமென்றே தடுமாறித் தோற்றிருக்கிறாள். என்னை ஒரு சேவலாக வைத்துக் கேலி செய்தால்தான் என்ன? செய்துவிட்டு மகுடத்தை என் தலையில் அல்லவா வைத்தாள்? இவளையா சந்தேகப்பட்டேன்? நான் ஒரு மடையன் என்றேன். அவள் மறுக்கவில்லை, ஆனால் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

நான் போக மாட்டேன், நீயே போ, என் இடத்தை உனக்குத் தருகிறேன் என்றேன். மனதார. மயிலோடு என்று தெரிந்தும் சொன்னேன். அதுதான் எனக்கே வியப்பு.

"அதெப்படிங்க. உங்க பேரைக் கொடுத்தாச்சு. நீங்க போகலைன்னா சார் வருத்தப்படுவார். நீங்க எங்கேயாவது போய் எத்தனை வருஷமாச்சு? நிம்மதியாப் போயிட்டு வாங்க."

"நீ தனியா என்ன பண்ணுவே?"

"எனக்கென்ன, வீட்டுல வேலை இருந்துக்கிட்டே இருக்கு" என்றாள்.

அவளே பெட்டி கட்டினாள். நான்கு சட்டை, போர்வை, மாத்திரை. பல் பவுடர் டப்பாவை மறக்காமல் மேலாக வைத்தாள். எதையாவது மறந்துவிட்டு எடுக்கத் திரும்பி வர எனக்கு ஒரு சாக்குக்கூட விட்டு வைக்கவில்லை. அவ்வளவு கவனம். ரயிலடிக்கு வந்து வழியனுப்பினாள். நூலகத்து அம்மாளும் வந்திருந்தார். வண்டி நகரும்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையை ஆட்டினார்கள். என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. எல்லாம் என் வெற்றியால் வந்த பெருமை என்று எனக்குக் கண் கலங்கியது.

எதிர் இருக்கையில் மயில். இனி அவரை அப்படிச் சொல்வது நன்றாக இல்லை. எதிர் இருக்கையில் சார். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். பேச ஆரம்பித்ததும் மனுஷர் ஒன்றும் மோசமில்லை. தோகையெல்லாம் வகுப்போடு சரி. ரயிலில் அவரும் என்னைப் போல ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஆள்தான்.

"நீங்க வந்தது எனக்குப் பெரிய துணை. போன வருஷம் தனியாக் கிளம்பினேன். பாதி வழியில இறங்கி வீட்டுக்குத் திரும்பிட்டேன்" என்றார்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்தது. வீட்டுக்காரியை விட்டுட்டு இருக்க முடியல. தனியா என்ன பண்றாளோ, யார் வந்தாங்களோ, யார் போனாங்களோன்னு ஒரே குடைச்சல். நான் கொஞ்சம் அந்த மாதிரி. அவளுக்கு அதுல என் மேல ரொம்ப வருத்தம். பத்து வருஷமா ஒரு இடத்துக்குத் தனியாப் போனதில்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பா."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவருக்கா நான் பயந்தேன்? அவர் வீட்டம்மாளை நான் பார்த்ததில்லையே என்றேன்.

"பார்த்தீங்களே. ரயிலடியில உங்க வீட்டம்மா பக்கத்துல நின்னாளே. நூலகத்துல இருக்காளே, அவதான். குடும்பத்துல யார் வேணாலும் எழுதலாம்னு இந்தத் தடவை விதியை மாத்தினதே அவதான். யாரோ நல்லா எழுதறவர் ஒருத்தர் இருக்கார், உங்களுக்குத் துணைக்கு அவர் கட்டாயம் வருவார்னு அப்பவே சொன்னா. உங்க வீட்டம்மா கொடுத்த யோசனையாம்."

சோறு என் கையிலேயே நின்றது. வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்காங்க. நாம திரும்பி வர்றதுக்குள்ள வந்துடுவாங்களாம். வண்டி கிளம்பறப்போதான் ஜன்னல் வழியா சொன்னா" என்றார் சார்.

"எங்க போறாங்க?" என்றேன். என் குரல் எனக்கே சேவல் மாதிரி கேட்டது.

சார் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

"அதை உங்ககிட்ட கேக்கலாம்னுதான் நான் காலையிலேருந்து உங்களையே பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.